இலத்திரனைக் கணக்கில் பிடித்தவர்கள்

கண் இமைக்கும் நேரம் என்று சொல்வோம். நமது பேச்சில் அதைவிடக் குறுகிய நேரம் இல்லை. ஆனால் விஞ்ஞானிகளின் கணக்கில் அது மிக நீண்ட காலம். இமை ஒருமுறை மூடித் திறக்க ஒரு செக்கனில் பத்திலொரு பங்குக்கு மேல் ஆகிறது. அதே இமைக்குப் பின்னால், கண்ணின் உட்சுவரில், அதைவிடப் பல கோடி மடங்கு விரைவாக ஒரு காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. அது நடக்காவிட்டால் இந்த எழுத்தை உங்களால் வாசிக்க முடியாது.

விழித்திரையிலுள்ள கலங்களில் ரெற்றினல் என்றொரு சிறிய மூலக்கூறு இருக்கிறது. இது விற்றமின் ஏ-யிலிருந்து உண்டாவது. முருங்கைக் கீரை, வல்லாரை, பப்பாசி, கரட், ஈரல், முட்டை மஞ்சட்கரு என்று நாம் ஆக்கிப் பரிமாறுகின்ற உணவிலிருந்தே உடல் இதைச் செய்துகொள்கிறது. இது குறைந்த பிள்ளைகளுக்கு மாலைக்கண் வருவதை மூத்தவர்கள் அறிவார்கள். இருட்டில் இம்மூலக்கூறு ஒரு புரதத்தின் மடியில் கூனிக்கொண்டு அமர்ந்திருக்கும். ஒளி தொட்டதும் சட்டென்று நிமிரும். அந்த நிமிர்வுதான் பார்வையின் முதற்படி. நரம்பும் மூளையும் செய்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிமிர எடுக்கும் நேரம் ஏறக்குறைய 200 பெம்டோ செக்கன். ஒரு செக்கனைப் பத்துக் கோடிக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பெம்டோ செக்கன். சொல்லிப் பார்த்தால் மனதில் நிற்காது. வேறு விதமாகச் சொல்கிறேன். ஒளி ஒரு செக்கனில் சந்திரனை எட்டும் தூரத்தில் பெரும்பகுதியைத் தாண்டிவிடும். அதே ஒளி உங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பைக் கடக்க 250 முதல் 300 பெம்டோ செக்கன் வரை ஆகும். ஒளி ஒரு மயிரைக் கடந்து முடிப்பதற்குள் ரெற்றினல் தன் வேலையை முடித்துவிடுகிறது. சுப்ஹானல்லாஹ்!

இதை யார் எந்தக் கடிகாரத்தால் அளந்தார்கள் என்ற கேள்வி வரும். விடைதான் இக்கட்டுரையின் பொருள். அளப்பதற்கு முன்பே ஒருவர் இதைக் கணக்கால் கண்டுவிட்டார்.

கணக்கு முந்தியது

1976ஆம் ஆண்டு. கணனி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம். அரியே வார்ஷெல் என்ற இரசாயன விஞ்ஞானி, ரெற்றினலின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றைப் பிணைத்திருக்கும் இலத்திரன்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பவற்றைச் சமன்பாடுகளாக எழுதிக் கணனிக்குக் கொடுத்தார். பிறகு அந்தக் கணக்கு மூலக்கூறின்மேல் கணக்கு ஒளி ஒன்றை விழச் செய்தார். ஒளியை வாங்கிய இலத்திரன் இடம் மாறும். மாறினால், கூன் விழுந்த இடத்திலுள்ள இரட்டைப் பிணைப்பு இறுக்கம் தளரும். தளர்ந்தால் அணுக்கள் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாகத் திரும்பும்? இதைத்தான் அவர் படிப்படியாகக் கணித்துப் பார்த்தார்.

கணனி சொன்ன விடை, சுமார் 100 பெம்டோ செக்கன் என்பது. இன்னொன்றையும் சொன்னது. புரதத்தின் மடி மிக ஒடுக்கமானது. அதற்குள் ஒரு நீண்ட மூலக்கூறு கையை வீசித் திரும்ப இடமில்லை. ஆகவே சைக்கிள் மிதிகட்டைகள் இரண்டும் ஒன்றாகச் சுழல்வதுபோல, பக்கத்துப் பக்கத்துப் பிணைப்புகள் சேர்ந்து திரும்பினால்தான் இடம் போதும் என்றது அக்கணக்கு.

அந்நாளில் இருந்த அளவுகருவிகள் இதை எட்டவில்லை. அவை பிக்கோ செக்கன்களில், அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகில் பேசிக்கொண்டிருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1991இல் அமெரிக்காவின் பேர்க்லியில் ஷோன்லைன், லிண்டா பெட்டியானு, மதீஸ், ஷாங்க் ஆகியோர் 10 பெம்டோ செக்கன் நீளமுள்ள லேசர் துடிப்பினால் பார்த்தபோது 200 பெம்டோ செக்கன் என்று கண்டார்கள். 100 எங்கே, 200 எங்கே என்று சிலர் சிரிக்கக்கூடும். ஒருவரும் பார்த்திராத ஒன்றின் நேரத்தை, கோடிக் கோடியான பங்குகளுக்குள் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் சொல்வது சிறிய காரியமல்ல. வார்ஷெலுக்கு 2013இல் வேறு இருவருடன் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. சோதனைக் குழாயைத் தொடாமல் கணனியில் மூலக்கூறுகளை நடக்க விட்டதற்கான பரிசு அது.

இதுபோல் கணக்கு முந்தியதற்கு இன்னும் பழைய கதையொன்றுண்டு. மரியா கோப்பர்ட் மேயர் என்ற இளம் பெண் 1930இல் ஜேர்மனியில் தன் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தார். ஓர் அணு ஒரே வேளையில் இரண்டு ஒளித்துகள்களைச் சேர்த்து விழுங்க முடியும் என்று காகிதத்தில் கணித்துக் காட்டினார். அதைக் காணப் போதிய வலுவான ஒளி அப்போது உலகில் இல்லை. லேசர் வந்தபின், 1961இல், அது உண்மையென்று ஆய்வுகூடத்தில் காணப்பட்டது. இடையிலிருந்த ஆண்டுகளில் பலவற்றை அவர் சம்பளமில்லாமலே பல்கலைக்கழகங்களில் கழித்தார். கணவர் பேராசிரியராக இருக்கும் இடத்தில் மனைவிக்கு வேலை கொடுப்பதில்லை என்ற வழக்கம் அன்று அமெரிக்காவிலும் இருந்தது. 1963இல் அவர் வேறோர் ஆய்வுக்காகப் பௌதிக நோபல் பெற்றார். படித்த பெண்ணை வீட்டோடு இருத்திவிடுவது கிழக்கத்தேய நாடுகளின் குறை மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உம்மாவின் கோப்பி அடுப்பு

பெம்டோ செக்கனை இரசாயனவியலின் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர் ஒரு எகிப்தியர். அஹ்மத் ஸுவைல் 1946இல் தமன்ஹூர் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது தசூக்கில். ஷெய்கு இப்றாஹீம் தசூக்கியின் பெயரிலுள்ள பெரிய பள்ளிவாசலால் அறியப்பட்ட ஊர் அது. பிள்ளை பாடசாலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே வீட்டார் அவருடைய படிப்பறைக் கதவில் ‘டாக்டர் அஹ்மத்’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். அவரோ உம்மாவின் கோப்பி காய்ச்சும் எண்ணெய் அடுப்பை எடுத்துப்போய், கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தி, மரத்துண்டைச் சூடாக்கி அது வாயுவாகவும் திரவமாகவும் மாறுவதைப் படுக்கையறையில் இருந்து பார்த்தார். வீடு தீப்பற்றாமல் தப்பியது பெரிய காரியம் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகத்தில் கற்று, அமெரிக்கா சென்று, 1976இல் கல்டெக் என்னும் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

அவர் கையாண்ட முறை, கேட்டால் எளிமையானது. இடி மழை இரவில் மின்னல் வெட்டும்போது, பேயாட்டம் ஆடும் தென்னோலை அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறதல்லவா? மின்னல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு தெளிவு. ஸுவைல் இரண்டு மின்னல்களைப் பயன்படுத்தினார். முதலாவது லேசர் துடிப்பு மூலக்கூறைத் தட்டிவிடும். இரண்டாவது, சற்றுப் பிந்தி வந்து, என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான தாமதத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம். இரண்டாவது ஒளியைக் கொஞ்சம் சுற்று வழியால் அனுப்பினால் போதும். 0.3 மைக்ரோமீற்றர் சுற்று என்றால் ஒரு பெம்டோ செக்கன் தாமதம். கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி நேரத்தை அளந்தார்கள். நேரத்தைத் தூரமாக்கியது அழகான யுக்தி.

1987இல் அயடீனுக்கும் காபனுக்கும் இடையிலான ஒரு பிணைப்பு அறுந்துகொண்டிருக்கும்போதே அதை அவர் கண்டார். அதுவும் ஏறத்தாழ 200 பெம்டோ செக்கனில் முடிந்த காரியம். 1999இல் இரசாயன நோபல் பரிசு அவர் ஒருவருக்கே முழுமையாக வழங்கப்பட்டது. விஞ்ஞானத்துக்காக அதைப் பெற்ற முதலாவது எகிப்தியர் அவர். 2016இல் காலமாகித் தம் தாய்நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதை எழுதும்போது பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் நினைவுக்கு வராமல் இல்லை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பெரியவர்கள் பலர் நம்பியிருந்த காலத்தில், இல்லை, பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவியவர் அவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் ஒருவர் ஒளியைக் கண்வாசல் வரை கொண்டுவந்தார். அதே நாட்டவர் ஒருவர் வளர்த்தெடுத்த வித்தையே, உள்ளே வந்த ஒளி என்ன செய்கிறது என்பதைக் காட்டியது. இப்னுல் ஹைதம் யாருடைய சொல்லையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்க மறுத்தவர் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இலத்திரன் நிற்காது

பெம்டோ செக்கனில் அணுக்களின் அசைவைக் காணலாம். இலத்திரனைக் காண முடியாது. அணுவின் கரு பாரமானது. இலத்திரன் அதனருகே தூசு. ஐதரசன் அணுவைப் பழைய பாடப் புத்தக முறையில் நினைத்துக்கொண்டால், இலத்திரன் கருவை ஒருமுறை சுற்ற 150 அட்டோ செக்கன் போதும். அட்டோ செக்கன் என்பது பெம்டோவின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு செக்கனில் எத்தனை அட்டோ செக்கன்கள் உள்ளனவோ, அத்தனை செக்கன்கள் இந்தப் பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து இன்னும் கழியவில்லை. பாதி கூட ஆகவில்லை.

(அணுவுக்கு இன்றைய அரபு மொழி வழங்கும் பெயர் ‘தர்ரா’. குர்ஆனில் மிகச் சிறிய அளவைக் குறிக்க வரும் சொல் அது. ஓதத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இச்சொல் புதிதல்ல. ஆனால் வசனத்தில் வந்த சொல்லைப் பௌதிகப் புத்தகம் பின்னர் எடுத்துக்கொண்டது என்பதே சரித்திரம். வசனத்தையே பௌதிகப் பாடமாக்க நான் துணியமாட்டேன்.)

அட்டோ செக்கன் ஒளியைச் செய்வதற்கான வாசலைத் திறந்தவர் ஆன் லுய்லியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1958இல் பாரிசில் பிறந்தவர். 1987இல் பாரிசுக்கு அருகேயுள்ள சக்லே ஆய்வு நிலையத்தில் அவரும் தோழர்களும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் லேசர் ஒளியை ஆகன் முதலிய வாயுக்களில் பாய்ச்சினார்கள். வாயுவிலிருந்து மூல ஒளியின் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று 33 மடங்கு அதிர்வெண் வரை புதிய ஒளிகள் வெளிவந்தன. மடங்கு கூடக்கூட ஒளி மங்கிப்போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மங்கவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு பல மடங்குகளும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் வரிசையாக நின்றன.

ஏன்? இங்கேயும் கணக்குத்தான் உதவிக்கு வந்தது. அமெரிக்காவின் லிவமோர் ஆய்வு நிலையத்திலிருந்த கெனத் குலாண்டர் குழுவினர், லேசரின் பிடியில் சிக்கிய ஒற்றை இலத்திரனைக் கணனியில் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லுய்லியே அவர்களோடு சேர்ந்து கணித்தார். 1993இல் கனடாவைச் சேர்ந்த போல் கோர்கமும் குலாண்டர் குழுவினரும் தெளிவான விளக்கம் தந்தார்கள். லேசரின் மின்புலம் பெருநாள் ஊஞ்சல்போல இப்படியும் அப்படியும் ஆடுவது. ஓர் ஆட்டத்தில் அது இலத்திரனை அணுவிலிருந்து பிடுங்கி வெளியே வீசுகிறது. மறு ஆட்டத்தில் திருப்பித் தள்ளுகிறது. வேகத்தோடு வந்த இலத்திரன் தன் அணுவில் மீண்டும் விழும்போது, சேர்த்துக்கொண்ட சக்தி முழுவதையும் ஒளியாகக் கக்குகிறது. அந்த ஒளிகள் ஒன்றோடொன்று சரியாகக் கூடும் இடத்தில் அட்டோ செக்கன் துடிப்பு உண்டாகிறது.

2001இல் பியர் அகொஸ்தினி குழுவினர் பாரிசில் 250 அட்டோ செக்கன் துடிப்புகளின் வரிசையொன்றையும், பெரெங்க் க்ரவுஸ் குழுவினர் வியன்னாவில் 650 அட்டோ செக்கன் கொண்ட தனித் துடிப்பையும் அளந்தார்கள். அகொஸ்தினி தூனிஸ் நகரில் பிறந்தவர். இம்மூவருக்கும் 2023இல் பௌதிக நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. செய்தி வந்தபோது லுய்லியே சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில்தான் தொலைபேசியைப் பார்த்தார். செய்தியை அறிந்துகொண்டு திரும்ப வகுப்புக்குள் போய் மிச்சப் பாடத்தையும் முடித்தார். கடைசி அரைமணி நேரம் சிரமமாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார். பௌதிகத்தில் நோபல் பெற்ற ஐந்தாவது பெண் அவர்.

தையல் தையலாக

இனிக் கணக்கின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். கணனியில் ஒரு மூலக்கூறை லேசர் துடிப்பில் நிறுத்துவது எப்படி? முதலில் அணுக்கருக்களை அவற்றின் இடத்தில் வைக்க வேண்டும். லேசர் வருவதற்கு முன் இலத்திரன்கள் அமைதியாக எப்படிப் பரவியிருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு லேசரின் மின்புலத்தை ஆடவிட்டு, ஓர் அட்டோ செக்கன் கழித்து இலத்திரன்கள் எங்கே என்று கணிக்க வேண்டும். அந்த விடையை வைத்து அடுத்த அட்டோ செக்கன். அதை வைத்து அடுத்தது. கைத்தையல் போடுகிறவளுக்கு இது விளங்கும்: ஒரு தையல் பிசகினால் அடுத்தது அதன்மேல்தான் விழும். 20 பெம்டோ செக்கன் படம் ஒன்றுக்கு 20,000 தையல்கள்.

இதுவரை சொன்னது பொறுமையின் விடயம். உண்மையான இடைஞ்சல் வேறு. இலத்திரன் ஒரு புள்ளி அல்ல. பரந்திருக்கும் ஒரு மேகம் என்றே குவாண்டம் விதிகள் அதைக் கொள்கின்றன. ஒற்றை இலத்திரனின் மேகத்தை எழுத நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 100 புள்ளிகள் எடுத்தால் பத்து லட்சம் எண்கள் வேண்டும். இது கணனிக்குத் தூசு. இரண்டு இலத்திரன்கள் என்றால்? இரட்டிப்பு அல்ல. ஒன்று எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றது இருக்குமாதலால், பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். லட்சம் கோடி எண்கள். பினைல் அலனீன் என்ற மூலக்கூறில் 88 இலத்திரன்கள் உள்ளன. அதற்கு 1 எழுதி 528 பூச்சியம் போட வேண்டும். உலகத்துக் கணனிகளையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் அது நடவாது. இனி ஒருநாளும் நடவாது.

இந்தச் சுவரில் வழி திறந்தவர் வால்டர் கோன். வியன்னாவில் பிறந்த யூதர். நாஸிகள் அவருடைய தாய் தந்தையரைக் கொன்றார்கள். பதினாறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதால் பிள்ளை பிழைத்தது. ஒவ்வோர் இலத்திரனும் எங்கே என்று தனித்தனியே விசாரிக்க வேண்டாம். எல்லா இலத்திரன்களும் சேர்ந்து எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும் என்று 1964இல் ஹோகன்பேர்குடன் சேர்ந்து அவர் நிறுவினார். கந்தூரிச் சோறு பங்கிடும்போது ஒவ்வொருவர் பெயரையும் கேட்பதில்லை, எந்தப் பந்தியில் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறோம். அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். காலத்தோடு மாறும் நிலைக்கும் இது பொருந்தும் என்பதை 1984இல் ரூங்கே, குரோஸ் என்ற இருவர் காட்டினர். லேசர் துடிப்பில் மூலக்கூறை நடத்திப் பார்க்கும் இன்றைய கணக்குகளில் பெரும் பகுதி இவ்வழியே செல்கிறது. கோனுக்கு 1998இல் நோபல் கிடைத்தது.

ஆனால் இதில் ஒரு பொத்தல் உண்டு. இலத்திரன்கள் ஒன்றையொன்று விலக்கி நடக்கும் விதத்தைச் சொல்லும் ஓர் உறுப்பு அச்சமன்பாட்டில் இருக்கிறது. அதன் சரியான வடிவம் ஒருவருக்கும் தெரியாது. இருக்கிறது என்று நிறுவப்பட்டுள்ளது; எழுதிக் காட்ட முடியவில்லை. ஆகவே ஆளுக்காள் ஓர் உத்தேச வடிவம் வைத்திருக்கிறார்கள். வடிவம் மாறினால் விடையும் கொஞ்சம் மாறுகிறது.

பருப்புக் கறியில் ஒரு மூலக்கூறு

பினைல் அலனீனைப் பெயர் பார்த்து அந்நியமென்று எண்ண வேண்டாம். அது ஓர் அமினோ அமிலம். பருப்பு, மீன், முட்டை, பால் எல்லாவற்றிலும் உண்டு. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாதது. உணவிலிருந்தே வர வேண்டும். அபூர்வமாகச் சில குழந்தைகளின் உடலால் இதைக் கையாள முடிவதில்லை. சீனியற்ற பானங்களின் போத்தலில் பினைல் அலனீன் உண்டு என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பது அவர்களுக்காகவே.

2014இல் இத்தாலியின் மிலானில் பிரான்செஸ்கா கலகாரியும் குழுவினரும் இந்த மூலக்கூறை எடுத்து, 300 அட்டோ செக்கனுக்கும் குறுகிய துடிப்பால் அதிலிருந்து ஓர் இலத்திரனைத் தட்டிப் பறித்தார்கள். இலத்திரன் போன இடத்தில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடம் என்ன செய்யும்? சிறிது தாமதித்து இரண்டாவது துடிப்பை அனுப்பி, மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளில் இரட்டை மின்னேற்றம் பெற்றவை எத்தனை என்று எண்ணினார்கள். தாமதத்தை மாற்ற மாற்ற அந்தத் தொகை கூடியும் குறைந்தும் ஆடியது. ஓர் ஆட்டத்துக்கு 4.3 பெம்டோ செக்கன். அணுக்கருக்கள் அசைந்து பதில் சொல்வதற்கு இது போதாத நேரம். ஆகவே ஆடுவது இலத்திரன்கள்தான்.

ஆய்வுகூடம் தந்தது இவ்வளவே: ஏறி இறங்கும் ஒரு கோடு. மூலக்கூறுக்குள் எது எங்கே ஓடியது என்பதைக் கோடு சொல்லாது. அதைச் சொன்னது ஸ்பெயினின் மத்ரித் நகரில் பெர்னாண்டோ மார்ட்டின் குழுவினர் செய்த கணக்கு. அவர்களுடைய கணனியில் அந்த வெற்றிடம் மூலக்கூறின் நைதரசன் இருக்கும் பக்கத்துக்குப் போவதும் வருவதுமாக ஆடியது. ஆட்ட நேரம் அளவையோடு நன்றாகப் பொருந்தியது.

மாசிகைகளில் வண்ண வண்ணமாக இலத்திரன் மேகங்கள் மூலக்கூறின்மேல் பாய்வதாகப் படம் போடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் புகைப்படம் என்று நினைக்கிறார்கள். அது கணக்கின் படம். அளவையோடு ஒத்துப் பார்க்கப்பட்ட கணக்கு என்பதால் மதிப்புள்ளது, ஆனால் கணக்கேதான். மத்ரித் கணக்கில் அணுக்கருக்கள் அசையாமல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பின்னால் வேறு மூலக்கூறுகளுக்குக் கருக்களையும் அசைய விட்டு வேறு குழுவினர் கணித்தபோது, இலத்திரன்களின் ஒழுங்கான ஆட்டம் சில பெம்டோ செக்கன்களிலேயே குழம்பிவிடுவதாகக் கண்டார்கள். அப்படியானால் மிலானில் கண்ட ஆட்டம் ஏன் அதைவிட நீடித்தது? வாதம் நடக்கிறது. விஞ்ஞானத்தில் இப்படியான வாதம் நடப்பதை நான் நல்ல அடையாளமாகவே காண்கிறேன்.

இப்னுல் ஹைதமைக் குறித்து வைத்தது இதற்குத்தான். ‘குவாண்டம்’ என்ற சொல்லை ஒட்டிப் பதக்கங்களும் தண்ணீர்ப் பாத்திரங்களும் பிணி தீர்க்கும் என்று விற்கப்படுகின்றன. விற்க வருகிறவர்கள் அநேகமாக வீட்டுப் பெண்களிடமே வருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கணக்கு எது, அதை எந்த அளவையோடு யார் ஒத்துப் பார்த்தார்கள்? மிலான்காரர்களும் மத்ரித்காரர்களும் இக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். பதக்கம் விற்கிறவர் சொல்லட்டும்.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்பது நியாயம். வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர் நமது மரபணுவின் இலத்திரன்களை ஒவ்வொரு பகலும் தாக்குகிறது. வாங்கிய சக்தியை அம்மூலக்கூறு ஒரு பிக்கோ செக்கனுக்குள் வெப்பமாக்கி உதறிவிடுவதால்தான் பெரும்பாலும் கேடில்லாமல் தப்புகிறோம். எப்போதாவது உதற முடியாமல் போகிறபோது கேடு தொடங்குகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் முதலில் தொடுவது இலத்திரனையே. க்ரவுஸ் இப்போது மியூனிக்கில் மிகக் குறுகிய செங்கீழ் துடிப்புகளை இரத்த மாதிரிகளில் பாய்ச்சி, நோயின் அடையாளம் அந்த ஒளியில் தெரிகிறதா என்று ஆராய்கிறார். ஆராய்ச்சிதான், ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பரிசோதனை வேண்டுமென்று கேட்க இன்னும் காலம் வரவில்லை.

அட்டோ செக்கன் லேசர் ஒன்றை நிறுவ இலங்கை போன்ற நாட்டுக்குப் பெரும் செலவு பிடிக்கும். கணக்குக்கு அந்தத் தடையில்லை. ஐரோப்பிய விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து எழுதிய ‘ஒக்டோபஸ்’ என்ற கணனி நிரல், மூலக்கூறுகளை லேசர் துடிப்பில் நடத்திப் பார்ப்பதற்கென்றே ஆனது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பாடங்களும் உடன் வருகின்றன. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகமும் கற்று, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் மூன்றாம் வருடத்திலிருக்கும் ஒரு மகள், வீட்டிலுள்ள சாதாரணக் கணனியில் லினக்ஸ் போட்டு இதைத் தொடங்கலாம். முதற்பாடங்களில் வருவது மெதேன். ஒரு காபன், நான்கு ஐதரசன், பத்தே இலத்திரன்கள். வயற்சேற்றிலிருந்து குமிழி விட்டு வருகிற அதே வாயு.